சுண்டமேட்டில் பேசக்கூடாது

கொளஞ்சியும் சீலியும் காரில் பேசிக்கொண்டே போனால் பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய ரோடு மடங்கிக் குறுகிவிடும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விடிந்தால் பால்காரர் வருவார், மாதத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள் என்பதுபோல அதுவும் ஒன்று. அதனால்தான் இவர்கள் கிளம்பும் சனிக்கிழமைகளில் நாலு ரோட்டு முக்கில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சின்ன வெங்காயம் ஏற்றிய லாரி, கல்யாண வேன், பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகிறவர்களின் கார், சும்மா மகளைப் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பியவர்கள், எல்லாரும் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்று, "கெளம்பிட்டாங்களா, இன்னும் தலை சீவிக்கிட்டு இருக்காங்களா" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். உச்சியில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த வெள்ளைக் கார் வந்து தாண்டியதும் அத்தனை வண்டிகளும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நகரும்.

அந்த டிரைவிங் ஸ்கூலுக்கு முதலாளியும் கொளஞ்சிதான், வாத்தியாரும் கொளஞ்சிதான், காலையில் வாசல் கூட்டுகிற ஆளும் கொளஞ்சிதான். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழப் பிடிக்காமல் பெட்டியோடு திரும்பி வந்தவள், இனி இவள் என்ன செய்வாள் என்று தெருவே கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்று வாங்கி, ஆம்பளைகளுக்குக் கியர் மாற்றச் சொல்லித்தர உட்கார்ந்துவிட்டாள். சீலியின் முழுப்பெயர் ஆரோக்கியசீலி. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பிகள் இரண்டு பேரைப் படிக்கவைத்து, அவர்களுக்குக் கல்யாணமும் செய்துவைத்து நிமிர்ந்து பார்த்தபோது இவளைப் பெண் கேட்டு வருகிற ஆட்கள் நின்றுபோயிருந்தார்கள். சரி, காராவது ஓட்டுவோம் என்று கொளஞ்சியிடம் வந்தாள். வந்த முதல் நாளே மைதானத்து வேப்பமரத்தில் கொண்டுபோய் முட்டினாள். பம்பர் உள்ளே போய்விட்டது. கொளஞ்சி திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். சீலியோ இறங்கிப் போய் மரத்துக்கு அடிபட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்ட எடுத்த வாய் சிரித்துவிட்டது. அதற்குப்பிறகு சீலி கார் ஓட்டக் கற்கவே இல்லை, அந்தக் காரைவிட்டு இறங்கவும் இல்லை.

முதல் தடவை சென்னைக்குப் போனது சீலியின் நச்சரிப்பால்தான். "ரெண்டு நாள் லீவு கெடச்சிருக்குடி. யாரோட பிரஷரையும் பாக்காத ஊருக்கு என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள். இட்லி சாப்பிட்டுக் கழுவிய கை ஈரத்தோடு கிளம்பினார்கள். சீலி தலைமை நர்ஸோடு நடந்த சண்டையை ஆரம்பித்தாள். நடுவில் கொளஞ்சி, தன்னிடம் கார் பழக வரும் வங்கி மேனேஜர் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வதைச் சொன்னாள். அது முடிவதற்குள் எதிரே தாம்பரம் வந்து நின்றது. "என்னாடி இது, விழுப்புரத்தக் காணோம்?" என்று சீலி கேட்டாள். "பேசிக்கிட்டே வந்தோமில்ல, தாண்டியிருப்போம்" என்றாள் கொளஞ்சி. அவ்வளவுதான். மறுநாள் திரும்பும்போதும் அப்படியே ஆனது. பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள்தான் கண்ணால் கண்டவர்கள். முன்னால் போன வெள்ளைக் காரின் கண்ணாடிக்குள் இரண்டு கைகள் மாறி மாறி ஆட ஆட, ரோடு பாய் மடிகிற மாதிரி மடிந்ததாம், ஓரத்து மரங்கள் கல்யாணப் பந்திக்கு நிற்கிற கூட்டம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருங்கினவாம். மடிப்பின் மேல் தங்கள் பஸ்ஸும் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போனதாம்.

அதற்குப்பிறகு ஊர் தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. வேறு ஆட்கள் பேசினாலும் மடங்குமா என்று பார்க்கப் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றை அனுப்பினார்கள், ரோடு அசையவில்லை. கல்யாணமாகிப் பல வருஷமான ஜோடி ஒன்றை அனுப்பினார்கள். தொழுதூர் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிட்டது. அரசாங்கத்து இஞ்சினியர்கள் நாடாவோடு வந்து அளந்தார்கள், அன்றைக்கு இவர்கள் காரில் போகாததால் ரோடு எத்தனை நீளம் இருக்க வேண்டுமோ அத்தனை நீளம் ஒழுங்காக இருந்தது, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள கொளஞ்சியின் சித்தப்பா ஒருமுறை பின்சீட்டில் ஏறிக்கொண்டார். திரும்பி வந்து, "ஒன்னுமில்லப்பா, ஜாக்கெட் தச்ச டெய்லரு, டாக்டரு விடற கொறட்ட, யாரோ பேஷண்டு ஜெல்லி மிட்டாய முழுங்கிட்டது. ஒரு கதயும் முழுசா முடிக்க மாட்டேங்குறாளுவ" என்று சலித்துக்கொண்டார். இன்னொன்றையும் சொன்னார். டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் பக்கத்து சீட்டிலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. கதை சூடு பிடிக்கும் இடத்திலெல்லாம் சீலி தன்னை அறியாமல் அதை மிதித்துவிடுவாள், கார் துள்ளி நிற்கும், கொளஞ்சி அவள் தொடையில் ஒன்று வைப்பாள், பிறகு கதை தொடரும்.

எல்லாருக்கும் நல்லதாக இருந்த இந்த விஷயம் சுண்டமேட்டுக்காரர்களுக்கு மட்டும் நல்லதாக இல்லை. வேப்பூர் தாண்டி, உளுந்தூர்பேட்டைக்கு முன்னால், ரோட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர் அது. அந்த இடத்துக்கு வரும்போதுதான் இவர்கள் பேச்சு உச்சத்துக்குப் போகும் போலிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மடிப்பு சரியாக அங்கே விழுந்தது. மடங்கும்போது சுண்டமேட்டில் வயிறு லேசாகத் தூக்கிப்போடும், கோழிகள் குந்திக்கொள்ளும், குடத்துத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீக்கடை வைத்திருக்கும் பொற்கொடியின் தலைமையில் ஒரு வேன் பிடித்துப் பெரம்பலூருக்கே வந்துவிட்டார்கள்.

"சோறு வடிக்கிற நேரத்துல நீங்க பாட்டுக்குச் சிரிச்சிக்கிட்டுப் போறீங்க. கஞ்சி எங் கால்ல ஊத்துது" என்றாள் பொற்கொடி, டிரைவிங் ஸ்கூல் பெஞ்சில் உட்கார்ந்து புடவையை விலக்கிக் கணுக்காலைக் காட்டி. சீலி உடனே குனிந்து, என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டாள். "மருந்து கெடக்கட்டும் தங்கச்சி. ஒங்களுக்கு ஊருன்னா மெட்ராசு மட்டுந்தானா? நடுவுல இருக்கறவங்க மனுசங்க இல்லியா?"

கேள்வி நியாயமானது. கொளஞ்சிக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. காபி வரவழைத்து, பேசி, கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: இனி சுண்டமேடு எல்லையில் நுழைந்தது முதல் தாண்டும் வரைக்கும் இரண்டு பேரும் வாய் திறக்கக்கூடாது. அதன்படியே அடுத்த சனிக்கிழமை உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் சிரிப்பு வருமென்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஒருத்தி பேசி ஒருத்தி கேட்டால் ரோடு சும்மா கிடக்கும். இரண்டு பேரும் பேசினால் மடங்கும். இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடினால் நீளும். அந்தக் கொஞ்ச நேர மௌனத்தில் சுண்டமேட்டில் இரண்டு மனைக்கட்டு அளவுக்குப் புது இடம் உண்டாகியிருந்தது. ஊர்க்காரர்கள் கூடிப் பேசி அதில் பஸ் நிழற்குடை கட்டிக்கொண்டார்கள். பொற்கொடி கடையை இன்னும் கொஞ்சம் விஸ்தாரமாகப் போட்டாள். அதன் பிறகு எந்தப் புகாரும் இல்லை. இவர்கள் வரும் நாளில் கையசைத்தார்கள்.

இப்படிச் சென்னை இவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எழும்பூரில் காற்றாடி கிறீச்சிடும் லாட்ஜ் அறை ஒன்று, பாண்டி பஜாரில் வாங்காமலே விலை கேட்கும் கடைகள், மெரினாவில் மணல் கடிபடும் மிளகாய் பஜ்ஜி. கடல் அலையில் கால் நனைக்கும்போது இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொள்வார்கள், யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் பெரம்பலூரிலேயே கழன்று விழுந்திருக்கும். அங்கே கொளஞ்சி வாழாவெட்டி இல்லை. சீலி முதிர்கன்னி இல்லை. ஐஸ் போடாத கரும்புச்சாறுக்காகச் சண்டை போடுகிற இரண்டு பெண்கள், அவ்வளவுதான்.

அந்த மெரினாவில்தான் சீலி ஒருநாள் அயர்லாந்தைப் பற்றிச் சொன்னாள். கூடப் படித்தவள் அங்கே நர்ஸாக இருக்கிறாளாம், ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுதித் தேறினால் இவளும் போகலாமாம். "போயேன்டி" என்று கொளஞ்சி பஜ்ஜியை மென்றுகொண்டே சொன்னாள். ஏதோ நிலாவுக்குப் போவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னாள். ஆனால் சொன்னதோடு விடுகிற ஆளா அவள்? அன்று முதல் காரில் பாடம் நடந்தது. கொளஞ்சி அயர்லாந்துக் கிழவராக மாறி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருமி, "சிஸ்டர், ஐ ஹாவ் பெயின் இன் மை செஸ்ட்" என்று முனகுவாள். சீலி அவரிடம் எங்கே வலி, எப்போதிலிருந்து வலி என்று ஆங்கிலத்தில் கேட்பாள். கிழவர் ஒருநாள் நெஞ்சுவலியை மறந்துவிட்டு சிஸ்டரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அன்றைக்கு ரோடு மடங்கிய மடங்கலில் பின்னால் வந்த வெங்காய லாரி கோயம்பேட்டுக்கு நேற்றே வந்துவிட்டதாக அதன் டிரைவர் சத்தியம் செய்தார். முதல் இரண்டு தேர்விலும் சீலி தோற்றாள். மூன்றாவதிலும் தோற்றாள். நான்காவதில் தேறினாள். கொளஞ்சிதான் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள்.

லட்டு கொடுத்து முடித்து, காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவைத்த பிறகுதான் கொளஞ்சிக்கு விஷயம் உறைத்தது. சீலி போகப்போகிறாள். விசா வந்தது, டிக்கெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்னையில் விமானம். முதல் நாள் சனிக்கிழமையே கிளம்பி, எழும்பூர் அறை, பாண்டி பஜார், பஜ்ஜி எல்லாவற்றையும் ஒருமுறை முடித்துவிட்டு அங்கிருந்தே ஏறிவிடுவது என்று சீலி திட்டம் போட்டாள். "கடைசி டிரிப்பு, ஜாலியா போவணும்" என்றாள். கொளஞ்சி தலையை ஆட்டினாள். அன்று இரவு படுத்துக்கொண்டு ரோட்டை நினைத்துப் பார்த்தாள். பேசினால் இட்லி சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் சென்னை. பேசாவிட்டால்? வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால்? தப்பென்று தெரிந்தும் அந்த யோசனையை அவள் விரட்டவில்லை.

சனிக்கிழமை காலை நாலு ரோட்டில் வழக்கத்தைவிடக் கூட்டம். கடைசித் தடவை என்று தெரிந்து வந்திருந்தார்கள். மறுநாள் காலை செங்கல்பட்டில் முகூர்த்தம் வைத்திருந்த மாப்பிள்ளை வேனும் அதில் நின்றது. சிலர் சீலிக்குப் பழம் கொடுத்தார்கள். வெள்ளைக் கார் புறப்பட்டது. சீலி வழக்கம்போல ஆரம்பித்தாள், புது டாக்டர் டிபன் டப்பாவைத் திறந்தால் வார்டே மணக்கிறது, அதற்காகவே ஒரு பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆக மாட்டேனென்கிறார் என்று. கொளஞ்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி, சிரிப்பு வரலயா?"

கொளஞ்சி கியர் மாற்றினாள்.

"தொண்டை சரியில்லயா? ஏய், ஒன்னத்தான்."

தொழுதூர் வரைக்கும் சீலி தனியாகப் பேசிப் பார்த்தாள். ரோடு சும்மா கிடந்தது. பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, "ஓஹோ, அப்புடியா. சரி, நானும் பேசல" என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நிமிஷத்திலிருந்து ரோடு நீளத் தொடங்கியது.

மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மரம் முளைக்காத புது வெற்றிடம் விரிந்தது. மைல்கல் ஒன்று, எட்டிவிடலாம்போலக் கண்ணில் தெரிந்துகொண்டே கடைசிவரை எட்டாமல் தள்ளித் தள்ளிப் போனது. பொறுமை கெட்டு முந்திக்கொண்டு போன வெங்காய லாரி கொஞ்ச நேரத்தில் மறுபடி பின்னாலேயே வந்து நின்றது. எப்படி என்று அதன் டிரைவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளை வேனுக்குப் பெண் வீட்டிலிருந்து போன் வந்தபடி இருந்தது. "எங்க வர்றீங்க சம்பந்தி?" "வேப்பூர் தாண்டிட்டோம்." வெயில் ஏறியது. "எங்க சம்பந்தி?" "வேப்பூர் தாண்டி வந்துக்கிட்டே இருக்கோம்." வெயில் சாய்ந்தது. "இன்னுமா வேப்பூரு? யாரு வண்டி பின்னாடி வந்தீங்க? ரெண்டு பேரும் பேசலயா? ஐயய்யோ" என்று அங்கே பதறினார்கள், பதறினாலும் நிலைமை இன்னதென்று தெரிந்த பதற்றம் அது. யாரும் ஹாரன் அடித்துத் திட்டவில்லை. வழியில் மூன்று முறை நிறுத்திச் சாப்பிட்டார்கள், வேனிலிருந்து லெமன் சாதமும் லாரியிலிருந்து வெங்காயமும் எல்லா வண்டிக்கும் போயின. லாரி டிரைவர் கார் சன்னலருகே வந்து, "அக்கா, சண்டயாவது போடுங்க, வெங்காயம் மொளைக்குது" என்று கேட்டுப் பார்த்தார். கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கும் அடியில் ஒரு கள்ளச் சந்தோஷமும் இருந்தது: சீலி இன்னும் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறாள்.

சுண்டமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஊர் ஏற்கெனவே இழுபட்டுக் கிடந்தது. எதிர் எதிராக இருந்த வீடுகள் கூப்பிடு தூரத்துக்குப் போயிருந்தன; மோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போன பெண் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தாள். பொற்கொடி டீக்கடை வாசலில் நின்று எல்லா வண்டிகளையும் கைகாட்டி நிறுத்தினாள். அன்றிரவுக்கு ஊரே சத்திரமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆண்கள், நிழற்குடையில் லாரிக்காரர்கள், வீடுகளில் பெண்கள். பெரிய அண்டாவில் சாம்பார் சாதம் கிளறினார்கள். சீலி, காலில் கட்டுப்போட்ட ஒருவருக்குக் கட்டு மாற்றினாள். வேனில் வந்த குழந்தையின் வயிற்றைத் தட்டிப் பார்த்து மருந்து சொன்னாள். பொற்கொடியின் கணுக்காலில் பழைய தழும்பு ஆறியிருக்கிறதா என்று மறக்காமல் பார்த்தாள்.

பொற்கொடி டீயோடு கொளஞ்சியிடம் வந்தாள். "ஏம்மா, எங்கூர்ல பேசாதீங்கன்னு அன்னைக்கு வந்து சொன்னவ நான்தான். இப்ப நானே சொல்றேன், பேசிடுங்க. எங் கடைக்கும் எங் கெணத்துக்கும் நடுவுல ரெண்டு தரம் உக்காந்துட்டுப் போவ வேண்டியிருக்கு." கொளஞ்சி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தாள்.

விடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். அவள் கெஞ்சுவாள் என்று கொளஞ்சி எதிர்பார்த்தாள், சாபம் விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அந்த அம்மா வேனிலிருந்த மல்லிகைப் பூவில் கிள்ளி எடுத்துக் கொளஞ்சிக்கும் சீலிக்கும் வைத்துவிட்டாள். "மொகூர்த்தம் போனாப் போவுது, அடுத்ததுல வச்சிக்குவாங்க. ஒனக்கு எப்ப வருதோ அப்பப் பேசு தாயி" என்றாள். கொளஞ்சிக்கு அடி வாங்கியதுபோல் இருந்தது.

கார் கிளம்பியது. சுண்டமேட்டுத் தெரு முடியவே இல்லை. நிழற்குடையைத் தாண்டினால் நிழற்குடைக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பொட்டல், பொட்டலைத் தாண்டினால் இன்னும் பொட்டல். கார் துள்ளி நின்றது. சீலி தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருந்தாள், இந்தத் தடவை தெரிந்தே.

"போதும் கொளஞ்சி. நான் போகல" என்றாள். "ஏஜெண்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். ஒன்னும் இல்ல. எனக்கு ஒன்னும் வருத்தம் இல்ல. வண்டியத் திருப்பு."

கொளஞ்சி கேட்க நினைத்த வார்த்தை அதுதான். நேற்று முழுக்க ரோட்டை இழுத்து இழுத்து அவள் வரவழைத்தது அதைத்தான். ஆனால் சீலியின் குரல் அவள் காதில் வேறு மாதிரி விழுந்தது. சாந்தமான, வழவழப்பான, கொஞ்சமும் நடுங்காத குரல். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியின் வீட்டாருக்கு "ஒன்னும் இல்ல, சரியாயிடும்" என்று சொல்லும் குரல். பெரிய தம்பிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று மேல்படிப்பை விட்டபோது இதே குரலில்தான் சொன்னாளாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று. சின்னத் தம்பியின் மனைவிக்குத் தன் அறையைக் காலி செய்து கொடுத்தபோதும் இதே குரல்தான். சீலி வாழ்க்கையில் விட்டுக்கொடுத்ததெல்லாம் இந்தக் குரலில்தான் போயிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டவர்களின் வரிசையில் இப்போது கடைசியாக, கையை நீட்டிக்கொண்டு, தானும் நிற்பதைக் கொளஞ்சி பார்த்தாள்.

"போடி லூசு!" என்று கத்தினாள். ஒரு நாள் முழுக்க மூடிக்கிடந்த வாய், குரல் கரகரவென்று வந்தது. "போகலயாம்ல, போகல! எத்தன தரம் பெயிலானோம்? கெழவனா இருமி இருமி எந் தொண்ட போச்சு. தெருவுக்கெல்லாம் லட்டு குடுத்துட்டு வந்திருக்கேன், திரும்பிப் போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?"

"நீதானேடி பேசல!"

"வாயத் தெறந்தா ஒன்னுதான் வரும். அதனாலதான் தெறக்கல."

"என்ன வரும்?"

கொளஞ்சி ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"சொல்லேன். என்னதான் வரும், சொல்லித் தொலையேன்."

"போவாதடி" என்றாள் கொளஞ்சி. சொன்னதும் உதடு கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. "என்ன விட்டுட்டுப் போவாதடி சீலி. எனக்கு வேற யாரும் இல்ல. சொல்லிட்டேன், போதுமா? சொல்லியாச்சு. இப்பப் போ. பிரேக்கிலேருந்து கால எடு, நேரமாவுது."

சீலி காலை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் வேணும்னுதான்டி நேத்து வாய மூடிக்கிட்டேன்" என்றாள். "நீ பேசலன்னு கோவம் இல்ல. எனக்கும் பயம். அங்க யாருகிட்ட நான் பாதிக் கத சொல்லுவேன்?" பிறகு அவளும் அழுதாள், வராந்தாக் குரல் உடைந்துபோய், மூக்கு ஒழுக, அசிங்கமாக, நன்றாக அழுதாள். அழுதுகொண்டே காலை எடுத்தாள்.

பொட்டல் நகர்ந்தது. நிழற்குடை வீட்டோடு வந்து ஒட்டியது. கிணறு டீக்கடையைத் தேடி ஓடி வந்தது. பொற்கொடி வாசலில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, "பேசிட்டாங்க! பாத்திரத்தப் புடிங்க, புள்ளைங்களப் புடிங்க!" என்று கூவினாள். சுண்டமேடே குடத்தையும் கோழியையும் குழந்தையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் நுரையோடு வண்டிகளில் பாய்ந்து ஏறினார்கள். எல்லையைத் தாண்டும்வரை பேசக்கூடாது என்ற ஒப்பந்தம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிறகு அவர்கள் பேசினார்கள், ஒருத்தி மூக்கைச் சிந்தும்போது மற்றவள் பேசினாள், பேசியது பெரிதாக ஒன்றுமில்லை, அங்கே குளிருக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் பனியன் எத்தனை எடுத்துவைத்தாய் என்றும், புளிக்காய்ச்சலை நடுவில் வைத்தாயா ஓரத்தில் வைத்தாயா, துணியெல்லாம் புளியாகப் போகிறது என்றும், பேசப் பேச உளுந்தூர்பேட்டை மடங்கியது, விழுப்புரம் மடங்கியது, திண்டிவனம் வந்த சுவடே தெரியாமல் போனது, மேல்மருவத்தூரில் சிவப்புப் புடவைகள் ஒரே கோடாக ஓடி மறைந்தன, செங்கல்பட்டில் மாப்பிள்ளை வேன் பிரிந்து போகும்போது நாயனக்காரர் சன்னலுக்கு வெளியே நாயனத்தை நீட்டி ஒரு வாசிப்பு வாசித்தார், சீலி டிபன் டப்பா டாக்டரின் கதையை விட்ட இடத்திலிருந்து பிடித்தாள், கொளஞ்சி இப்போது சிரித்தாள், சிரிக்கச் சிரிக்க வண்டலூரும் தாம்பரமும் சேர்ந்து மடங்கின.

"அந்த டாக்டரு கடைசியில என்னா பண்ணாருன்னா" என்று சீலி சொன்னபோது கார் விமான நிலையத்து வாசலில் நின்றிருந்தது.

எழும்பூர் அறைக்கு நேரமில்லை. பாண்டி பஜாருக்கு நேரமில்லை. கடலை இந்தத் தடவை பார்க்கவில்லை. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். வாசலில் துப்பாக்கி வைத்த காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கேட்டார். டிக்கெட் இல்லாதவர்கள் இதற்குமேல் வரக்கூடாது என்றார். சீலி கொளஞ்சியின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "மிச்சத்த அப்புறம் சொல்றேன்" என்றாள். கொளஞ்சி, "கழுத்த நல்லா மூடிக்க" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீலி திரும்பி ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது பெருங்களத்தூரில், ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் காத்திருக்கும் இடத்தில், அன்றைக்கும் வரிசை நின்றது. வெள்ளைக் கார் வந்தது. பக்கத்து சீட்டு காலியாக இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். இனி அதன் பின்னால் போய் ஒரு லாபமும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிப் பின்னால் சேர்ந்துகொண்டது. கொளஞ்சி மெதுவாகத்தான் ஓட்டினாள். யாரும் முந்தவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

செங்கல்பட்டு தாண்டியதும் அவள் அழ ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் இந்த வழியில் போயும் அவள் பார்த்திராத ஏரி ஒன்று வந்தது, அதைப் பார்த்து அழுதாள். மதுராந்தகத்தில் அழுதாள், திண்டிவனத்தில் சத்தமாகவே அழுதாள், விழுப்புரத்தில் வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவிவிட்டு மறுபடி ஏறி அழுதாள். சுண்டமேட்டில் பொற்கொடி கடை வாசலில் எழுந்து நின்றாள், கூப்பிடவில்லை. ரோடு எங்கேயும் மடங்கவில்லை, எங்கேயும் நீளவும் இல்லை. உண்மையில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமும் கிடந்தது. அழுது முடிக்க அவளுக்கு அத்தனையும் வேண்டியிருந்தது. தொழுதூர் தாண்டும்போது அழுகை நின்றது. பசித்தது.